பாட்டு நல்லா இருக்கு, சவுண்டு சரியில்ல: இந்த மாதிரி ராக் ஆல்பத்துக்கு எப்படி மார்க் போடுறீங்க?

செந்தூல்_கிட்டார்:

வணக்கம் எல்லாருக்கும். நானும் என் கூட்டாளிங்க சில பேரும் வாரத்துக்கு ஒரு ராக் ஆல்பம் எடுத்து, ஒரு பாட்டக்கூட தாண்டாம முழுசா கேட்டுட்டு வாட்ஸ்அப்ல கருத்து எழுதி மார்க் போடுவோம். இந்த வாரம் மெட்டாலிக்காங்கற அமெரிக்க மெட்டல் குரூப்போட அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல், 1988ல வந்தது. பாட்டு எழுதின விதத்துல என்னால ஒரு குறையும் சொல்ல முடியல, ஒவ்வொன்னும் ஆறு நிமிஷம் ஏழு நிமிஷம் போகுது, ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் துண்டு) காதுல உக்காரதுக்குள்ள அடுத்த ரிஃப் வந்துருது, டெம்போ மாறுது, ஆனாலும் எங்கயும் சிதறல. ஆனா அடிச் சுரம் வாசிக்கிற பேஸ் கிட்டார் எங்க லா? கார்ல போட்டேன், நல்ல ஹெட்ஃபோன்ல போட்டேன், கூட்டாளி வீட்டு பெரிய ஸ்பீக்கர்ல போட்டேன், எங்கயும் கெடைக்கல. டிரம்ஸ்ல கிக், அதான் கால்ல அடிக்கிற பெரிய டிரம், அடிக்கிற சத்தம் டிக் டிக்னு வருது, கிட்டார் ரெண்டு பக்கமும் கத்தி மாதிரி நிக்குது, நடுவுல ஒன்னும் இல்ல, அடியிலயும் ஒன்னும் இல்ல.

நான் பத்துக்கு ஆறு குடுத்தேன். என் கூட்டாளி ஒம்போது. அவன் என்ன சொல்றான்னா பாட்டு வேற ரெக்கார்டிங் வேற, நீ பாட்டுக்குத்தான் மார்க் போடணும், மிக்ஸிங் (தனித்தனியா எடுத்த சத்தத்த அளவு பாத்து ஒன்னா சேக்கறது) பண்ண ஆளுக்கு இல்லன்னு. எனக்கு அது சரியா படல, ஆனா ஏன் சரியா படலன்னு ஒழுங்கா சொல்லவும் வரல. நான் இந்த மாதிரி ஆல்பங்கள பத்தி தமிழ்ல கொஞ்சம் கொஞ்சமா எழுதலாம்னு இருக்கேன், ஏன்னா நம்மாளுங்க நெறைய பேரு ராக் கேக்கறாங்க ஆனா தமிழ்ல எழுதறவங்க கம்மி. அதனால இத தெளிவு பண்ணிக்கணும். பாட்டு நல்லா இருந்து சவுண்டு கெட்டுப் போன ஆல்பத்த நீங்க எப்படி எடை போடுறீங்க? வேற என்ன ஆல்பம் இந்த மாதிரி இருக்கு?


காஜாங்_பேஸ்:

தம்பி, நான் பேஸ் வாசிக்கிறவன், இந்த ஆல்பம்னு சொன்னாலே எனக்கு வயிறு எரியும், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

மொதல்ல கதைய தெரிஞ்சுக்க. மெட்டாலிக்காவுல பேஸ் வாசிச்ச கிளிஃப் பர்ட்டன் 1986 செப்டம்பர்ல சுவீடன்ல பஸ் விபத்துல செத்துப் போறாரு. அவரு இடத்துக்கு ஜேசன் நியூஸ்டெட் வராரு. அவருக்கு இதுதான் இந்த குரூப்போட மொத முழு ஆல்பம். அவரோட பேஸ் பகுதியெல்லாம் மத்தவங்க யாரும் பக்கத்துல இல்லாம ஒரு அசிஸ்டன்ட் எஞ்சினியர வெச்சுகிட்டு தனியா ரெக்கார்ட் பண்ணிட்டுப் போனாரு. அப்புறம் மிக்ஸிங் ஸ்டீவ் தாம்சன், மைக்கேல் பார்பியரோன்னு ரெண்டு பேரு கையில போச்சு. பின்னால தாம்சன் பேட்டியிலயே சொன்னாரு, பேஸ நல்லாத்தான் வெச்சிருந்தோம், டிரம்ஸ் அடிக்கிற லார்ஸ் அத கொறைக்கச் சொன்னாரு, கேக்கவே முடியாத அளவுக்குக் கொறைக்கச் சொன்னாருன்னு. புரொடியூசர் ஃபிளெமிங் ராஸ்முஸனும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்றாரு, பாடி கிட்டார் வாசிக்கிற ஹெட்ஃபீல்டும் லார்ஸும் சேந்து கேட்டதுதான் அதுன்னு. அப்ப இது எஞ்சினியர் பண்ண தப்பு இல்ல, கை தவறி நடந்ததும் இல்ல. பாட்டு எழுதின அதே ஆளுங்க எடுத்த முடிவு. உன் கூட்டாளி சொல்ற "மிக்ஸிங் பண்ண ஆளு"ங்கற பேச்சு இங்கயே அடிபட்டுப் போச்சு.

ரெண்டாவது, வாசிக்கிறவனா சொல்றேன், இதுல டெக்னிக்கலா ஒரு காரணமும் இருக்கு. ஹெட்ஃபீல்டோட கிட்டார் டோன்ல நடு பகுதிய வெட்டிட்டு கீழயும் மேலயும் ஏத்தி வெச்சிருப்பாரு. கீழ இருக்கற இடம்தான் பேஸோட வீடு, அங்க கிட்டாரே வந்து உக்காந்துருச்சு. அதுக்கு மேல ஜேசன் பிக் வெச்சு கிட்டார் ரிஃப்பையே நோட்டுக்கு நோட்டு கூடவே வாசிக்கிறாரு. கிளிஃப் அப்படி இல்ல, அவரு கிட்டாருக்கு எதிரா தனியா ஒரு மெலடி போவாரு, அதனால வால்யூம் கம்மியா இருந்தாலும் ஆள் இருக்காருன்னு தெரியும். ஒரே லைன ரெண்டு கருவி வாசிச்சா, சின்னதா கொறைச்சாலே ஒன்னு மறைஞ்சிரும். இங்க அடியோட கொறைச்சுட்டாங்க.

அதுலயும் டு லிவ் இஸ் டு டைன்னு கிட்டத்தட்ட பத்து நிமிஷ பாட்டு ஒன்னு இருக்கே, அது கிளிஃப் விட்டுட்டுப் போன இசைத் துண்டுகளயும் வரிகளயும் எடுத்து அவருக்காகப் பண்ணது. ஒரு பேஸ் கலைஞனுக்கு அஞ்சலி, அதுலயே பேஸ் கேக்கல. அத கேக்கற ஒவ்வொரு தடவையும் எனக்கு கோவம்தான் வருது.

நம்ம காது இளையராஜா பாட்டுல வளந்த காது. அவரு பாட்டுல பேஸ் லைன மட்டும் தனியா பாடிக் காட்டலாம், கல்யாண வீட்டுல தூரத்துல பாட்டு ஓடினா கூட குரல் கேக்கறதுக்கு முன்னாடி பேஸ வெச்சே பாட்ட கண்டுபிடிச்சிருவோம். அந்த காதுக்கு ஜஸ்டிஸ் ஆல்பம் ரொம்ப சீக்கிரமா ஓட்டையா தெரியும், நீ ஆறு குடுத்தது எனக்கு ஆச்சரியமே இல்ல.

ஆனா நான் எட்டு குடுப்பேன். ஏன்னா அந்த காஞ்ச சவுண்டு அந்தப் பாட்டுங்க பேசற விஷயத்தோட சேருது, நீதி விலைக்குப் போறது, போர்ல கை கால் கண்ணு காது எல்லாம் போயி படுத்துக் கெடக்குறவன், இதுக்கெல்லாம் கதகதப்பான சவுண்டு வேணாம். ராக் இசையில தாள்ல எழுதி வெச்சத யாரும் வாங்கறது இல்ல தம்பி, ரெக்கார்டத்தான் வாங்கறோம். ரெக்கார்டுதான் படைப்பு. அதனால சவுண்ட தனியா கழிச்சுட்டு மார்க் போட முடியாது, அதே சமயம் சவுண்டு "நல்லா இல்ல"ன்னு மட்டும் சொல்லிட்டும் விட முடியாது, அந்த சவுண்டு அந்தப் பாட்டுக்கு என்ன செய்யுதுன்னு பாக்கணும்.


கிள்ளான்_மணி:

ரெண்டு பேரும் ரொம்ப ஆழமா போறீங்க. என் கணக்கு சிம்பிள். பாட்ட ஒரு சாதா கிட்டார்ல ஒத்த ஆளா வாசிச்சா நிக்குதா இல்லியா. நின்னா நல்ல பாட்டு, மத்ததெல்லாம் மேக்கப். இந்த ஆல்பத்துல "ஒன்"ங்கற பாட்ட அப்படி வாசிச்சுப் பாருங்க, நிக்கும். கூட்டாளி சொன்னதுதான் சரி, ஒம்போது.


ஜெலுத்தோங்_வாசி:

மணி, அந்த கணக்குல போனா மை பிளடி வேலன்டைனோட லவ்லெஸ் ஆல்பத்துக்கு எவ்வளவு குடுப்பீங்க? 1991ல வந்தது. ஒத்த கிட்டார்ல அத வாசிச்சா ஒன்னுமே மிஞ்சாது, ஏன்னா அந்த குரூப்போட கிட்டார் ஆளு கெவின் ஷீல்ட்ஸ் கார்டு (சேந்து ஒலிக்கிற சுரங்கள்) அடிக்கும்போதே சுருதிய ஆட்டற டிரெமலோ கம்பிய கையோட புடிச்சு ஆட்டிகிட்டே இருப்பாரு, சுருதி மேலயும் கீழயுமா வழுக்கிகிட்டே இருக்கும், அந்த வழுக்கல்தான் பாட்டே. குரல வேணும்னே கிட்டாருக்கு அடியில பொதச்சு வெச்சிருக்காங்க, வரி ஒன்னும் புரியாது. ரெண்டு வருஷத்துக்கு மேல, பத்தொன்பது ஸ்டூடியோ மாறி மாறி எடுத்த ஆல்பம் அது. அதுல சவுண்ட கழிச்சுட்டா என்ன இருக்கும்? அதனால பாட்டு வேற சவுண்டு வேறங்கற பேச்சு ராக்குக்கு ஒத்து வராது, காஜாங் அண்ணன் சொன்னதத்தான் நானும் சொல்றேன்.

எதிர் பக்கமும் ஒன்னு சொல்லணும். இங்க பினாங்குல லோரோங் கூலிட் சந்தையில காலையில போனா பழைய தட்டு, கேசட், சீடி எல்லாம் தார்ப்பாய்ல பரப்பி வெச்சிருப்பாங்க, நான் ராக் கேக்க ஆரம்பிச்சதே அங்க வாங்கின கேசட்லதான். அதுல பாதி நாடா தேஞ்சு போனது, மேல் சத்தமெல்லாம் மங்கிப் போயிருக்கும், ஒரு பக்கம் ஸ்பீக்கர் கம்மியா பாடும். இருந்தும் எந்த ஆல்பம் நல்ல ஆல்பம்னு எங்களுக்கு அப்பவே தெரிஞ்சது. அப்ப சவுண்டு கெட்டா ஆல்பம் செத்துப் போகும்னு சொல்றதும் பொய்.

இதுக்கு எனக்கு தெரிஞ்ச நல்ல உதாரணம் இகி அண்ட் த ஸ்டூஜஸோட ரா பவர், 1973. பாடகர் இகி பண்ண மிக்ஸ் கம்பெனிக்கு புடிக்கல, இன்னொரு பாடகர் டேவிட் போவிய கூப்பிட்டு மிக்ஸ் பண்ணச் சொன்னாங்க, அவரு கைக்கு வந்த டேப்புல ஒரு டிராக்ல குரல், ஒரு டிராக்ல லீட் கிட்டார், மிச்ச பேண்டு மொத்தமும் இன்னொரு டிராக்ல ஒன்னா அடைஞ்சு கெடந்துச்சு, அத வெச்சு ஒரே நாள்ல முடிச்சுக் குடுத்தாரு. அதனால கிட்டார் தனியா முன்னாடி கத்தும், டிரம்ஸும் பேஸும் பக்கத்து வீட்டுல இருந்து வர மாதிரி கேக்கும். பல வருஷம் எல்லாரும் போவிய திட்டினாங்க. 1997ல இகியே உக்காந்து மறுபடி மிக்ஸ் பண்ணாரு, எல்லாத்தையும் செவப்பு கோட்டுக்கு மேல ஏத்தி விட்டாரு, ராக் சீடிலயே ரொம்ப சத்தமான சீடில அதுவும் ஒன்னு. அப்புறம் பாத்தா திட்டின ஆளுங்கள்ல பாதி பேரு போவி மிக்ஸே தேவலன்னு திரும்பி வந்துட்டாங்க. நான் ரெண்டும் கேட்டிருக்கேன். போவி மிக்ஸ்ல பேலன்ஸ் தப்பு, ஆனா அதுல காத்து இருக்கு, கிட்டார் சோலோ திடீர்னு மூஞ்சிக்கு நேரா வரும்போது தூக்கிவாரிப் போடும். இகி மிக்ஸ்ல எல்லாமே மூஞ்சிக்கு நேரா இருக்கு, அதனால எதுவும் தூக்கிவாரிப் போடல, மூணாவது பாட்டுலயே காது சோர்ந்து போகுது.


மிக்ஸ்_பிஜே:

இப்பதான் இத பாக்கறேன். நான் பெட்டாலிங் ஜெயால ஸ்டூடியோ வேலை செய்யறேன், விளம்பரம், குறும்படம், லோக்கல் பேண்டுங்க, எல்லாம் மிக்ஸ் பண்ணுவோம். ஜெலுத்தோங் அண்ணன் கடைசியா சொன்ன காது சோர்ந்து போற விஷயத்துக்கு ஒரு காரணம் இருக்கு, அத சொல்லாம இந்த பேச்சு முழுசாகாது. அதுக்கு சரியான ஆல்பம் மெட்டாலிக்காவே மறுபடி, டெத் மேக்னெடிக், 2008.

டிஜிட்டல்ல சத்தத்துக்கு ஒரு கூரை இருக்கு, பூஜ்யம் டெசிபல், அதுக்கு மேல போக முடியாது. டிரம்ஸ ஓங்கி அடிக்கிற ஒரு நொடி மட்டும்தான் அந்தக் கூரைய தொடும், மிச்ச இசையெல்லாம் அதுக்குக் கீழ இருக்கும், அந்த இடைவெளிதான் அடிக்கு பலம் குடுக்குது. ஆல்பம் இன்னும் சத்தமா கேக்கணும்னா லிமிட்டர் போட்டு அந்த உச்சத்த அமுக்கிட்டு மொத்தத்தையும் மேல தூக்குவாங்க. கொஞ்சம் தூக்கினா தப்பு இல்ல, எல்லாரும் செய்யறதுதான். ரொம்ப தூக்கினா அலையோட தலைய கத்தியால வெட்டின மாதிரி ஆயிரும், ஸ்நேர் (சர்ருன்னு ஒலிக்கிற சின்ன டிரம்) அடிக்கிற இடத்துல அடி இருக்காது, ஒரு கரகரப்பு மட்டும் இருக்கும். டெத் மேக்னெடிக்க சாஃப்ட்வேர்ல தொறந்து பாத்தீங்கன்னா ஏற்ற இறக்கமே இல்லாம ஒரு கட்டை மாதிரி நிக்கும். வேகமா கிக் அடிக்கிற இடத்துலயெல்லாம் கிளிப் ஆகறது, அதான் கூரையில முட்டி கரகரக்கறது, சாதாரண இயர்ஃபோன்லயே கேக்கும்.

இது எப்படி வெளிய தெரிஞ்சதுன்னா, அதே பாட்டுங்க கிட்டார் ஹீரோ விளையாட்டுக்கும் போச்சு, அதுக்குக் குடுத்தது இந்த அமுக்கல் இல்லாத வடிவம். ரசிகருங்க ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் கேட்டாங்க, விளையாட்டுல இருக்கற சவுண்டு காசு குடுத்து வாங்கின சீடிய விட நல்லா இருந்துச்சு. ஆயிரக்கணக்குல ஆளுங்க சேந்து மறுபடி மாஸ்டரிங் (மிக்ஸ் முடிஞ்சதும் வெளியிட கடைசியா சத்தத்த சீர் பண்றது) பண்ணச் சொல்லி மனு போட்டாங்க. மாஸ்டரிங் பண்ண டெட் ஜென்சன், என் கைக்கு வரும்போதே மிக்ஸ் அமுக்கித்தான் வந்துச்சுன்னு ஒரு ரசிகருக்கு எழுதின பதில்ல சொன்னாரு. 1999ல வந்த ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸோட கலிஃபோர்னிகேஷனுக்கும் இதே குற்றச்சாட்டு, ரெண்டுத்துக்கும் புரொடியூசர் ரிக் ரூபின். கலிஃபோர்னிகேஷன்ல எனக்கு இன்னும் வருத்தம், ஏன்னா அதுல ஜான் ஃப்ருஷாந்தே கிட்டார் வாசிக்கிறது ரொம்ப கம்மி, ஒரு நோட்டு ரெண்டு நோட்டு, நடுவுல மௌனம். அந்த மௌனம் மௌனமா இருந்தாத்தானே அழகு, அங்கயும் சத்தம் ஏறிப் போய் நிக்குது.

கொடுமை என்னன்னா இப்ப அந்த அமுக்கலுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. ஸ்பாட்டிஃபை மாதிரி ஆப்புங்க எல்லா பாட்டையும் கிட்டத்தட்ட ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டு வந்துதான் ஓட்டுது, சத்தமா மாஸ்டர் பண்ணத தானா கொறைச்சிரும். டெத் மேக்னெடிக்க அப்படி கொறைச்சா, பழைய 1986 மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ் பக்கத்துல அது சின்னதா, தட்டையா கேக்குது. சத்தத்துக்காக அடிய வித்தாங்க, கடைசியில சத்தமும் இல்ல.

அதனால தம்பி, என் பதில் இது. ஜஸ்டிஸ், லவ்லெஸ், ரா பவர், டெத் மேக்னெடிக், நாலையும் ஒரே பெட்டியில போடாதீங்க. மொத மூணுல என்ன இருந்தாலும் அது ஒரு ரசனை, யாரோ ஒருத்தர் இப்படித்தான் கேக்கணும்னு நெனைச்சாங்க, இல்லன்னா கையில இருந்தத வெச்சு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. நாலாவதுல நடந்தது பக்கத்து சீடிய விட சத்தமா இருக்கணுங்கற போட்டி, அதுல எந்த இசை காரணமும் இல்ல. நான் ஜஸ்டிஸுக்கு எட்டு குடுப்பேன், டெத் மேக்னெடிக்குக்கு அஞ்சு, பாட்டு ஏழுக்குத் தகுதியா இருந்தாலும் அஞ்சுதான்.


உருமி_பத்துமலை:

அக்கா நல்ல விளக்கம். அப்ப மெட்டாலிக்காவோட செயின்ட் ஆங்கர எந்தப் பெட்டியில போடுவீங்க? 2003. எல்லாரும் அந்த ஸ்நேர் சவுண்ட வெச்சு இன்னிக்கு வரைக்கும் அடிக்கிறாங்க, எனக்கு அந்த ஆல்பம் புடிக்கும், அத சொல்ல எனக்கு வெக்கமே இல்ல.

நான் உருமி மேளம் அடிக்கிற ஆளு, தைப்பூசத்துக்கு வருஷா வருஷம் காவடி கூட நடப்போம். தோல் கருவியில ரிங்கு வர்றது குத்தம் இல்ல, உருமியில குச்சிய தோல் மேல இழுக்கும்போது வர்ற அந்த உறுமல் நின்னு ஒலிக்கணும், அதுக்குத்தானே சாமி வருது. ஸ்நேர் டிரம்முக்கு அடியில கம்பி இருக்கும், அதுதான் அந்த சர்ருங்கற சத்தத்த குடுத்து ஒலிய சீக்கிரம் நிறுத்தும். லார்ஸ் அந்தக் கம்பிய கழட்டி விட்டுட்டு அடிச்சிருக்காரு, அதனால டாங் டாங்குனு உலோகம் மாதிரி ஒலிக்குது. அது அவங்க நெலமைக்கு சரியா இருந்துச்சு. ஜேசன் குரூப்ப விட்டுப் போயாச்சு, ஹெட்ஃபீல்ட் குடிய விட சிகிச்சைக்குப் போயிட்டு வந்தாரு, ஆளாளுக்கு முட்டிக்கிறாங்க, எல்லாத்தையும் சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர்ங்கற 2004 ஆவணப்படத்துல பாக்கலாம். அந்த நேரத்துல பளபளன்னு ஒரு சவுண்டு வெச்சிருந்தா அதுதான் பொய்யா இருந்திருக்கும்.


மிக்ஸ்_பிஜே:

தம்பி, அது ரசனை பெட்டிதான், நான் மறுக்கல. ரிங்கு வர்றதுல எனக்கு பிரச்சினை இல்ல. உங்க உருமியில ரிங்கு வரும்போது பக்கத்துல யாரும் அதே இடத்துல வந்து முட்ட மாட்டாங்க, நீங்களே அதுக்கு இடம் விட்டு அடிப்பீங்க. செயின்ட் ஆங்கர்ல அந்த டாங் கிட்டாரும் குரலும் இருக்கற இடத்துலயே வந்து விழுது, ஒவ்வொரு அடியிலயும் ஹெட்ஃபீல்டோட சொல்லு ஒன்னு காணாம போகுது. அதோட ஆல்பம் 75 நிமிஷம், ஒரு கிட்டார் சோலோ கூட கெடையாது. அதே சவுண்ட 40 நிமிஷத்துல முடிச்சிருந்தா நானே தூக்கிப் புடிச்சிருப்பேன். அதுல வெட்டாம விட்டதுதான் குத்தம், ஸ்நேர் இல்ல.


உருமி_பத்துமலை:

75 நிமிஷம்னு சொல்லும்போது எனக்கு பதில் இல்லக்கா. கடைசி ரெண்டு மூணு பாட்டு நானும் தாண்டிருவேன்.


செந்தூல்_கிட்டார்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல, ஒவ்வொன்னையும் ரெண்டு தடவ படிச்சேன். ரெக்கார்டுதான் படைப்புன்னு காஜாங் அண்ணன் சொன்னது எனக்கு வேண்டிய வார்த்தை, அது கிடைக்காமத்தான் தடுமாறிகிட்டு இருந்தேன். அடுத்த வாரம் எங்க லிஸ்ட்ல நிர்வானாவோட இன் யூடெரோ இருக்கு. அதையும் சவுண்டு மோசம், கேக்க முடியலன்னு வந்தப்ப சொன்னாங்களாமே, இப்ப எல்லாரும் நெவர்மைண்ட விட அதுதான் நல்ல ஆல்பம்னு சொல்றாங்க. அது எந்தப் பெட்டி?


ஜெலுத்தோங்_வாசி:

இத நான் எடுத்துக்கறேன், எனக்கு ரொம்ப நெருக்கமான ஆல்பம்.

நெவர்மைண்ட் 1991ல வந்தது, புட்ச் விக் ரெக்கார்ட் பண்ணாரு, ஆண்டி வாலஸ் மிக்ஸ் பண்ணாரு. ரேடியோவுக்கு ஏத்த மாதிரி வழவழப்பா இருக்கும், நிர்வானா பாடகர் கோபேனுக்கே பின்னால அந்த வழவழப்பு உறுத்திச்சு. அதனால அடுத்ததுக்கு, அதான் இன் யூடெரோவுக்கு, ரெக்கார்டிங் எஞ்சினியர் ஸ்டீவ் அல்பினிய தேடிப் போனாங்க. 1993 பிப்ரவரியில மினசோட்டாவுல இருக்கற ஒரு ஒதுக்குப்புறமான ஸ்டூடியோல, வெளிய பனி, ரெண்டு வாரத்துல மொத்த ஆல்பமும் முடிஞ்சது. அல்பினி ராயல்டி வாங்க மாட்டாரு, ஒரு லட்சம் டாலர் மொத்தமா ஒரு கூலி, அவ்வளவுதான், பிளம்பருக்கு குடுக்கற மாதிரி எனக்கும் குடுங்கன்னு குரூப்புக்கு கடிதமே எழுதினாரு. இவரு செத்தது 2024 மே மாசம், அன்னிக்கு ராத்திரி நான் இந்த ஆல்பத்தத்தான் போட்டேன்.

அவரு வேலைய நீங்க டிரம்ஸ்ல கேக்கணும். சென்ட்லெஸ் அப்ரென்டிஸ் ஆரம்பத்துல டேவ் குரோல் தனியா அடிக்கிறாரே, அந்த இடத்த சத்தமா போட்டுக் கேளுங்க, டிரம்ஸ் மட்டும் கேக்காது, அந்த ரூமோட சுவரு கேக்கும். மைக்க கருவிக்கு பக்கத்துல மட்டும் வெக்காம ரூம்ல தள்ளியும் வெச்சு எடுக்கறது அவரு வழக்கம். கம்பெனிக்கு இது புடிக்கலன்னு பத்திரிகையில எல்லாம் வந்துச்சு, அல்பினியே அத சொன்னாரு, நியூஸ்வீக்ல கட்டுரை வந்து குரூப் அத மறுத்து பில்போர்டுல முழுப்பக்க விளம்பரமே போட்டாங்க. கடைசியில ஹார்ட் ஷேப்டு பாக்ஸ், ஆல் அபாலஜீஸ் ரெண்டையும் ஸ்காட் லிட்ட வெச்சு மறுபடி மிக்ஸ் பண்ணாங்க, குரல கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்தாங்க. மிச்ச பாட்டோட மிக்ஸ்ல கை வெக்கல.

என் கருத்து, அந்த ரெண்டு பாட்ட மாத்தினது நல்லதுதான். இத சொன்னா அல்பினி பக்தருங்க அடிக்க வருவாங்க. ஆனா ஆல் அபாலஜீஸ்ல செல்லோவும் குரலும் பக்கத்துல வரணும், அது கத்தற பாட்டு இல்ல, அதுக்கு முன்னாடி முப்பது நிமிஷத்துக்கு மேல நம்ம காத கிழிச்சுட்டுத்தான் அங்க வந்து சேருறோம். மிச்ச பாட்டெல்லாம் அல்பினி வெச்ச மாதிரியே இருக்கறதாலதான் அந்தக் கடைசி பாட்டு அப்படி எறங்குது. அதனால அக்கா பெட்டிக் கணக்குல இது ரசனை பெட்டி, ஆனா குரூப்பும் புரொடியூசரும் ஒருத்தர ஒருத்தர் இழுத்துப் புடிச்சு வந்த ரசனை. நான் பத்துக்கு பத்து குடுப்பேன், நெவர்மைண்டுக்கு எட்டு.

நம்ம மலேசியாலயும் இதுக்கு ஜோடி இருக்கு, அத விட்டுட்டு எழுதாதீங்க தம்பி. பட்டர்ஃபிங்கர்ஸோட மொத ஆல்பம் 1.2 மில்லிகிராம்ஸ், 1996. இங்கிலீஷ்ல பாடினாங்க, சவுண்டு முரடு, நிர்வானா மாதிரி சியாட்டில் பக்கத்து குரூப்புங்கள பாத்துகிட்டே எடுத்ததுன்னு யாருக்கும் தெரியும், இருந்தும் அந்த முரட்டுத்தனம் இந்த ஊரு ஜாமிங் ஸ்டூடியோ முரட்டுத்தனம். 2004ல மலாய்ல சலாமாட் திங்கால் டூனியா பண்ணாங்க, அதுல சவுண்டும் பாட்டும் ஒன்னா வளந்து நிக்குது, என்னைக் கேட்டா அதுதான் அவங்க பெரிய ஆல்பம். அதுக்கு முன்னாடி ராக் காப்பாக்னு சொல்ற மலாய் ஹெவி ராக் காலத்துல, விங்ஸோட ஹுக்கும் கர்மா எல்லாம், ஜஸ்டிஸ் வந்த அதே 1988தான், அங்க டிரம்ஸ் மேல மண்டபம் மாதிரி எக்கோ போட்டிருப்பாங்க. ஒரே வருஷம், அங்க அவ்வளவு காஞ்ச சவுண்டு, இங்க அவ்வளவு நனைஞ்ச சவுண்டு. ரெண்டையும் அடுத்தடுத்து கேட்டுட்டு எழுதினீங்கன்னா அதுவே நல்ல கட்டுரை.


காஜாங்_பேஸ்:

அண்ணே சொன்ன ரீமிக்ஸ் விஷயத்துல ஒன்னு சேக்கணும். வெளியான ஆல்பத்த பின்னால போயி சரி பண்ணலாமா? ரஷ்ங்கற குரூப் அத பண்ணாங்க. வேப்பர் டிரெயில்ஸ் 2002ல ரொம்ப அமுக்கி வந்துச்சு, 2013ல டேவிட் பாட்ரில்ல வெச்சு முழு ஆல்பத்தையும் மறுபடி மிக்ஸ் பண்ணி விட்டாங்க. நான் ரெண்டாவதத்தான் கேக்கறேன், கெடி லீ பேஸ் இப்பதான் கேக்குது, நீல் பியர்ட் டிரம்ஸ்ல எவ்வளவு அடிச்சிருக்காருன்னு அப்பதான் தெரிஞ்சது. மெட்டாலிக்கா 2018ல ஜஸ்டிஸ மறுபடி வெளியிட்டப்ப மாஸ்டரிங் மட்டும்தான் புதுசு, மிக்ஸ்ல கை வெக்கல, பேஸ் பழைய படியேதான். ரசிகருங்க தாங்களே பேஸ ஏத்தி இன்டர்நெட்ல போட்ட வடிவம் எத்தனையோ சுத்துது. நான் அதையும் கேட்டேன், பிளாக்கண்ட் பாட்டுல ஜேசன் வாசிக்கிறது, அந்தப் பாட்டு எழுதினதுல அவரு பேரும் இருக்கு, அத மொதல் தடவ ஒழுங்கா கேட்டப்ப எனக்கு கண்ணு கலங்கிருச்சு. இருந்தாலும் அதுக்கு மார்க் போட மாட்டேன். குரூப் வெளியிட்டதுக்குத்தான் மார்க். குரூப்பே ஒரு நாள் மிக்ஸ மாத்தி விட்டா அப்ப அதுக்கு தனியா போடுவோம்.


கிள்ளான்_மணி:

சரி, லவ்லெஸ் நேத்து ராத்திரி ஃபெடரல் ஹைவே ஜாம்ல முழுசா கேட்டேன். ஜெலுத்தோங் அண்ணே, ஒத்த கிட்டார்ல அது நிக்காதுதான், அத ஒத்துக்கறேன். ஆனா பாதி ஆல்பத்துல மெலடி உள்ள இருக்கு, ஹம் பண்ண வருது. என் கணக்கு முழுசா தப்புன்னு இன்னும் சொல்ல மாட்டேன்.


ஜெலுத்தோங்_வாசி:

மெலடி இருக்குதான் மணி, இல்லன்னா அது வெறும் இரைச்சல். அடுத்த தடவ கார்ல வேணாம், நல்ல ஹெட்ஃபோன்ல கேளுங்க, சம்டைம்ஸ் பாட்டுல பின்னாடி போற அந்த கீபோர்டு மெலடிய மட்டும் புடிச்சுகிட்டு போங்க.


மிக்ஸ்_பிஜே:

செந்தூல் தம்பி, எழுதும்போது ஒன்னு மட்டும் மறக்காம போடுங்க: எந்த வெளியீடு, எதுல கேட்டீங்கன்னு. ரா பவர்னு சும்மா எழுதினா போவி மிக்ஸா இகி மிக்ஸான்னு படிக்கிறவருக்கு தெரியாது, வேப்பர் டிரெயில்ஸ்னா 2002ஆ 2013ஆன்னு தெரியாது, ஆப்புல பல தடவ புதுசு மட்டும்தான் இருக்கும், பழசு வேணும்னா ஆம்கார்ப் மால்ல சனி ஞாயிறு சீடி தட்டு போடுறவங்க கிட்ட தேடிப் பாக்கணும். அப்புறம் ஆப்புல ஒரு ஆல்பத்தோட இன்னொன்ன ஒப்பிடும்போது சத்தத்த சமமா ஆக்கற செட்டிங்க ஆன் பண்ணிட்டு கேளுங்க, இல்லன்னா சத்தமா இருக்கறதுதான் நல்லா இருக்கற மாதிரி காது ஏமாத்தும், எங்களையே ஏமாத்தும். இன் யூடெரோ எழுதினதும் இங்க போடுங்க, நான் படிக்கிறேன்.


செந்தூல்_கிட்டார்:

கண்டிப்பா போடுறேன்கா. ஜஸ்டிஸுக்கு ஆற ஏழா மாத்தறேன், எட்டு வர மாட்டேன், அந்த டு லிவ் இஸ் டு டை விஷயத்த காஜாங் அண்ணன் சொன்னதுக்கு அப்புறம் அந்த ஒரு மார்க்க குடுக்க எனக்கு மனசு வரல. பட்டர்ஃபிங்கர்ஸ் ரெண்டு ஆல்பமும் எங்க லிஸ்ட்ல ஏத்தியாச்சு.